இரண்டு இரவு, ஒரு பகல்: நெடுந்தூர ரயில் பயணத்தில் உடல்நலம் பேணும் முறை

சென்னை சென்ட்ரலில் இரவில் புறப்படும் தமிழ்நாடு விரைவு ரயில் சுமார் 2,180 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் நாள் காலையில் புது தில்லியை அடைகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவை இந்த வழியில் அழைத்துச் சென்றேன். தில்லியில் இறங்கும் நேரத்தில் அவர் பாதங்கள் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பகல் முழுவதும் அவரைச் சன்னலோரத்தில் அசையாமல் உட்கார வைத்ததே காரணம் என்பது பிறகுதான் புரிந்தது. அதன்பின் ஒவ்வொரு பயணத்திலும் நாங்கள் கடைப்பிடிக்கும் முறையை, முதன்முறையாக நெடுந்தூரம் செல்வோருக்காக எழுதுகிறேன்.

காரணத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காலுக்கு இறங்கிய இரத்தத்தை மீண்டும் இதயத்துக்கு ஏற்றுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, சிரைகளில் (இதயத்துக்குத் திரும்பும் இரத்தக் குழாய்களில்) உள்ள இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. உட்கார்ந்தே இருந்தால் இந்த வேலை நின்றுபோய், இரத்தமும் நீரும் காலில் தேங்குகின்றன. அரிதாகச் சிலருக்கு, காலின் உள்ளே ஆழத்தில் இருக்கும் ஆழ்சிரையில் இரத்தம் உறைவதும் உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்றும், விமானத்தைப் போலவே ரயில், பேருந்து, கார் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், முன்பே இரத்த உறைவு ஏற்பட்டவர்கள் ஆகியோர் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

படி 1: இடம். முன்பதிவின்போது கீழ்ப் படுக்கையையோ பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையையோ கேளுங்கள். யாரையும் தொந்தரவு செய்யாமல் எழுந்து நடக்க இவையே வசதி. நடுப் படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் விரித்து வைக்கலாம் என்பது விதி; ஆகவே பகலில் நிமிர்ந்து உட்கார இடம் கிடைக்கும்.

படி 2: உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு முறை இதைச் செய்யுங்கள். இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, விரல்களை அழுத்தியபடி குதிகாலை மட்டும் உயர்த்தி இறக்குங்கள், இருபது முறை. அடுத்து, குதிகாலை ஊன்றிப் பாதத்தின் முன்பகுதியை உயர்த்தி இறக்குங்கள். இதுவும் இருபது முறை. பிறகு ஒரு காலைச் சற்றே தூக்கி, கணுக்காலை வலமும் இடமுமாகப் பத்துப் பத்து முறை சுழற்றிவிட்டு, மறு காலுக்கும் அவ்வாறே செய்யுங்கள். கெண்டைக்காலில் இறுக்கம் உணர வேண்டும். வலி எடுத்தால் நிறுத்திவிடுங்கள். தோள்களைப் பின்னோக்கி உருட்டுவதும் கழுத்தை மெல்லப் பக்கவாட்டில் சாய்ப்பதும் கூடுதல் நன்மை தரும்.

படி 3: நடை. பேருந்திலும் விமானத்திலும் கிடைக்காத வாய்ப்பை ரயில் தருகிறது. அதைப் பலர் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரு பெட்டியின் நீளம் 20 மீட்டருக்கு மேல். ஒரு முறை போய்த் திரும்பினால் 40 மீட்டருக்குக் குறையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து சுற்று நடந்தால், பகல் முடிவதற்குள் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நடந்திருப்பீர்கள். ஒரு கையால் எப்போதும் கம்பியையோ படுக்கையின் விளிம்பையோ பற்றிக்கொள்ளுங்கள். உணவு விற்பவர்கள் வரும்போது ஒதுங்கி நில்லுங்கள். திறந்த கதவருகே நிற்கவே கூடாது. நாகபுரி போன்ற பெரிய நிலையங்களில் வண்டி சில நிமிடங்கள் நிற்கும்போது நடைமேடையில் இறங்கி நடக்கலாம். ஆனால் உங்கள் பெட்டியின் கதவை விட்டு விலகாதீர்கள். நகரத் தொடங்கிய வண்டியில் ஏற முயலாதீர்கள்.

படி 4: நீரும் உணவும். கழிவறைக்குச் செல்லத் தயங்கித் தண்ணீரைக் குறைப்பவர்கள், குறிப்பாகப் பெண்களும் முதியவர்களும், ஏராளம். அது தவறு. மணிக்கு ஒரு தம்ளர் வீதம் குடியுங்கள். அடிக்கடி எழ நேர்வதே ஒரு நடைதான். இதயம் அல்லது சிறுநீரகச் சிக்கலுக்காக நீரின் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். முதல் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி போதும். தேங்காய்ச் சட்னி விரைவில் கெட்டுவிடும் என்பதால் வேண்டாம். பிறகு வாழைப்பழம், வறுத்த வேர்க்கடலை, கண்ணெதிரே சூடாகத் தரப்படும் உணவு ஆகியவை ஏற்றவை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு கையில் இருக்கட்டும்; உறையில் எழுதிய அளவு நீரில்தான் கரைக்க வேண்டும்.

படி 5: இறங்கிய பின். அறைக்குச் சென்றதும் படுத்துவிடாமல், குளித்துவிட்டு அன்று மாலையே அரை மணி நேரம் நடங்கள். தில்லியில் லோதி தோட்டம் இதற்கு மிகப் பொருத்தமான இடம். பழைய கல்லறை மண்டபங்களுக்கு இடையே மரநிழலில் நடைபாதை செல்கிறது. இரு பாதங்களிலும் உள்ள இலேசான வீக்கம் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் சூடும் இருந்தாலோ, திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ, அது இரத்த உறைவின் அறிகுறியாக இருக்கலாம்; உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து இந்த அறிகுறிகள் தோன்றினாலும், எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் பயணம் செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.