வாட்ஸ்அப்பில் போட்டால் புகார் ஆகிவிடாது: புறநகரில் குடியிருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாம்பரத்துக்குத் தெற்கே, எங்கள் தெருவில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை பைக் ஒன்று திருடு போனது. காலை ஆறரைக்கெல்லாம் வண்டியின் படம் தெருக் குழுவில் வந்துவிட்டது. மதியத்துக்குள் பக்கத்து நகர்களின் குழுக்களுக்கும் போய்ச் சேர்ந்தது. "எல்லாரும் ஜாக்கிரதை", "நைட்டு நாய் குலைச்சுது, நான் கேட்டேன்", "போலீஸ் ரோந்து வர்றதே இல்லை" என்று இரவு வரை செய்திகள் வந்துகொண்டே இருந்தன. மூன்றாம் நாள் அந்த வண்டிக்காரரைப் பால் கடையில் பார்த்து, "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா தம்பி?" என்று கேட்டேன். "இன்னும் ஸ்டேஷன் பக்கம் போகலை சார். அதான் எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சே" என்றார்.

அவரை அன்றே கூட்டிக்கொண்டு போனேன். திருட்டு வண்டியில் வந்துதான் பெரும்பாலும் செயின் பறிக்கிறார்கள். கேமராவில் விழும் நம்பர் உங்களுடையது என்றால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான். வண்டி போன உடனே புகார் கொடுத்திருந்தால் அந்தக் காகிதமே உங்களுக்குப் பாதுகாப்பு. காப்பீட்டுப் பணம் கேட்கப் போனாலும் முதலில் கேட்பது எஃப்.ஐ.ஆர். நகல். மூன்று நாள் தாமதம் ஏன் என்ற கேள்விக்கு அங்கே நல்ல பதில் கிடையாது.

எட்டு வருடமாகக் குடியிருப்போர் நலச் சங்க வேலைகளில் இருக்கிறேன். அதில் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த வகைதான். ஆதங்கம் முழுவதும் போனிலேயே தீர்ந்துபோகிறது. தேதி, நேரம், இடம் போட்டு எழுதிய தாள் ஒன்று உரிய இடத்துக்குப் போய், அதற்கு ஒரு நம்பர் வாங்கினால்தான் வேலை தொடங்கும்.

எந்த ஸ்டேஷன் என்று தெரியாமல் அலைவது

சென்னைப் புறநகரில் இது பெரிய குழப்பம். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து, 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. அடுத்த இரண்டே மாதத்தில், 2022 ஜனவரியில், சென்னை மாநகரக் காவலிலிருந்து பிரிந்து தாம்பரம், ஆவடி என்று இரண்டு காவல் ஆணையரகங்கள் வந்தன. மாநகராட்சிக்கும் காவல் ஆணையரகத்துக்கும் ஒரே எல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்கரணையில் குப்பை எடுப்பது சென்னை மாநகராட்சி. அங்கே திருட்டு நடந்தால் விசாரிப்பது தாம்பரம் ஆணையரகம். அம்பத்தூரும் அப்படித்தான்: மாநகராட்சி சென்னை, போலீஸ் ஆவடி. பழைய முகவரியையும் பழைய நினைப்பையும் வைத்துக்கொண்டு அவசரத்தில் கிளம்பினால் அலைச்சல்தான்.

அவசரம் இல்லாத ஒரு நாளில் உங்கள் ஸ்டேஷன் எது என்று தெரிந்துகொண்டு, அதன் எண்ணையும், உங்கள் பகுதி ரோந்தைப் பார்க்கும் பீட் காவலர் எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். உயிருக்கு ஆபத்து, அடிதடி, யாரோ வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்றால் ஸ்டேஷன் எண்ணைத் தேடவே வேண்டாம். 100 அல்லது 112.

"இது எங்க எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்று சொன்னதும் திரும்பி நடப்பது இன்னொரு தவறு. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவே சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். சண்டை போடாமல், "சார், ஜீரோ எஃப்.ஐ.ஆரா போட்டுக் கொடுங்க" என்று அந்த வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள்.

மனுவில் செய்யும் தவறுகள்

பக்கத்து வீட்டு அக்காவின் செயினைப் பறித்துக்கொண்டு போன மாலை, ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதினோம். அக்காவுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. உடன் வந்த உறவினர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர், "மூணரைப் பவுன்னு எழுதாத, அஞ்சுன்னு போடு, அப்பத்தான் சீரியஸா எடுத்துப்பாங்க" என்றார். இன்னொருவர், முனையில் தினமும் நிற்கும் ஒரு பையனின் பெயரைச் சொல்லி, "அவன் மேல சந்தேகம்னு எழுது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் இரண்டுமே வழக்கைக் கெடுக்கும்.

நகை மீட்கப்பட்டால் நீதிமன்றம் வழியாகத்தான் திரும்ப வாங்க வேண்டும். மனுவில் ஐந்து பவுன், நகைக்கடை பில்லில் மூன்றரைப் பவுன் என்று இருந்தால், அந்த ஒன்றரைப் பவுன் பொய் உங்கள் மற்ற வார்த்தைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அந்தப் பையன் விஷயமோ இன்னும் மோசம். பார்க்காத முகத்துக்குப் பெயர் வைத்தால், ஒன்றுமறியாத ஒருவன் ஸ்டேஷனில் உட்கார்வான். பறித்தவன் அதற்குள் செங்கல்பட்டைத் தாண்டியிருப்பான்.

கடைசியில் அக்கா சொன்னதை அப்படியே எழுதினோம். "14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை சுமார் 6.40 மணிக்கு, இரண்டாவது குறுக்குத் தெருவில், டெய்லர் கடையைத் தாண்டி நடந்து வந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து கறுப்பு நிற பைக்கில் இருவர் வந்தனர். ஓட்டியவர் ஹெல்மெட் அணிந்திருந்தார். பின்னால் இருந்தவர் இடது கையால் என் கழுத்திலிருந்த மூன்றரைப் பவுன் தாலிச் சங்கிலியைப் பறித்தார். வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 47 என்று நினைக்கிறேன். முழு எண் தெரியவில்லை." இடது கை என்பது எழுத உட்கார்ந்த பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியவில்லை என்றும் எழுதிய மனுவுக்கு விசாரிக்கிறவர்களிடம் தனி மதிப்பு உண்டு.

இதே இடத்தில் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. பறித்துக்கொண்டு போன போனை, "தொலைந்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், சிம் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. தொலைந்த பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், சான்றிதழ்களுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அது தொலைந்தவற்றுக்கு மட்டும்தான். பறிப்பு தனிக் குற்றம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆவது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. நடந்தது பறிப்பு என்றால் பறிப்பு என்றே எழுதுங்கள். பத்துப் பறிப்புகள் பத்துத் தொலைப்புகளாகப் பதிவானால், அந்தச் சாலைக்கு ரோந்து எதற்கு என்றுதான் கேள்வி வரும். போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை இன்றே *#06# அழுத்திப் பார்த்து எழுதி வையுங்கள். போனை முடக்க அது வேண்டும்.

அப்புறம் சி.எஸ்.ஆர். மனு கொடுத்ததும் ஒரு ரசீது கொடுப்பார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வழக்குப் பதிவானதற்கு அல்ல. அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சில வகைக் குற்றங்களில் மட்டும், உயர் அதிகாரியின் அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்யப் புதிய சட்டம் இடம் கொடுக்கிறது. எஃப்.ஐ.ஆரைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய மறுத்தால் அதே மனுவை மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். அதன் பிறகும் அசையவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம்.

ஸ்டேஷன் வாசலை மிதிக்கத் தயங்கும் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒன்று: சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் கேட்க வேண்டும். இது தெரியாமலேயே "எனக்கு எதுக்கு வம்பு" என்று பார்த்ததைச் சொல்லாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

கேமரா இருக்கிறது என்ற நிம்மதி

ஏ.கே. விஸ்வநாதன் சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்தபோது தொடங்கிய 'மூன்றாவது கண்' இயக்கத்துக்குப் பிறகு, எங்கள் பக்கத்திலும் தெருவுக்குத் தெரு கேமரா வந்தது. வைத்ததோடு சரி. அக்கா செயின் போன மறுநாள் மூன்று வீட்டு கேமராக்களைப் பார்த்தோம். ஒன்று சொந்த வீட்டு மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்றின் முன்னால் முருங்கை வளர்ந்து மறைத்திருந்தது. மூன்றாவதில் பைக் தெளிவாக இருந்தது, ஆனால் திரையில் நேரம் 5.58. கேமரா காட்சியைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். கருவியின் கடிகாரம் 42 நிமிடம் பின்தங்கியிருந்ததை ஒருவரும் கவனித்ததில்லை. அதைக் கணக்குப் போட்டுச் சொல்லாமல் விட்டிருந்தால், 6.40-க்கு நடந்ததை 6.40-இல் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று போயிருப்பார்கள்.

மாதம் ஒருமுறை டி.வி.ஆர். நேரத்தைப் போன் நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவுகள் தானாக அழிந்து புதியவை ஏறும். பல வீடுகளில் ஒன்று இரண்டு வாரம்தான் தாங்கும். சம்பவம் நடந்த அன்றே பென் டிரைவில் எடுத்து, எப்போது, எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். திரையைப் போனால் படம் பிடித்து அனுப்பினால் போதாது. மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்று வேண்டும்; அதற்கு மூலப் பதிவும் கருவியும் அப்படியே இருந்தால் நல்லது.

அந்தக் காட்சியைக் குழுக்களில் போடாதீர்கள். பறித்தவர்களும் போன் வைத்திருக்கிறார்கள். சட்டையையும் வண்டியையும் மாற்ற நீங்களே நேரம் கொடுத்ததாகிவிடும்.

"சந்தேகப்படும்படி ஒருவர்" என்று படம் போடுவது

இதைச் சொல்லும்போது எனக்கு மனது கனத்துவிடும். 2018 மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே காரை நிறுத்தியது. அதிலிருந்த 65 வயது அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அப்போது வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். ஊர் திரண்டு அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். அவருடைய வீடு இருந்தது எங்களைப் போன்ற ஒரு புறநகரில்தான்.

போர்வை விற்பவர், சாணை பிடிப்பவர், கொரியர் முகவரி தேடுகிறவர், வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் வடமாநிலத் தொழிலாளி என்று யாருடைய படம் வேண்டுமானாலும் "உஷார்" என்ற ஒரு சொல்லோடு குழுவில் வந்துவிடுகிறது. உண்மையாகவே சந்தேகம் என்றால் 100-க்குப் பேசுங்கள். பீட் காவலர் வந்து நேரில் கேட்டுக்கொள்வார். வேறு குழுவிலிருந்து வந்த செய்தியில் தேதி, தெருப் பெயர், ஸ்டேஷன் பெயர் மூன்றும் இல்லை என்றால் உங்கள் விரலோடு அது நிற்கட்டும்.

பணம் போனால் வேறு கணக்கு. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்றால் குழுவில் யோசனை கேட்பதும் ஸ்டேஷனுக்குக் கிளம்புவதும் அப்புறம், முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நிமிடத்தில் தாவும், அதற்குள் சொன்னால் வழியிலேயே நிறுத்த முடியும்.

ஊருக்குப் போகிறவர்கள் விமான நிலையத்திலிருந்தே ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள், ஸ்டேஷனில் சொல்ல மறக்கிறார்கள். பூட்டிய வீட்டின் முகவரியும் தேதிகளும் கொடுத்துவிட்டுப் போனால் ரோந்தில் ஒரு பார்வை விழும். பால் பாக்கெட்டையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போங்கள்.

எரியாத விளக்கு யார் வேலை?

அக்காவிடம் பறித்த இடத்தில் தெருவிளக்கு மூன்று வாரமாக எரியவில்லை. குழுவில் அதைப் பற்றி எத்தனையோ புலம்பல். புகார் ஒன்றுகூட இல்லை. தெருவிளக்கு மாநகராட்சி வேலை, மின்தடையும் அறுந்த கம்பியும் மின்வாரியம்; அதற்கு மின்னகம் எண் 94987 94987. "எங்க தெருவுல லைட் எரியலை" என்று சொன்னால் ஊழியர் வந்து தேடிவிட்டுப் போய்விடுவார். ஒவ்வொரு கம்பத்திலும் பெயின்ட்டில் ஒரு எண் எழுதியிருக்கும். சுவரொட்டிக்குக் கீழே மறைந்திருந்த அந்த எண்ணைச் சுரண்டிப் பார்த்துப் புகாரில் எழுதினோம். நான்காம் நாள் மாலை விளக்கு எரிந்தது.

பெரிய விஷயங்களுக்கு, வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபை இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் நாற்காலிகள்தான் அதிகம் இருக்கின்றன. போகிறவர்களும் வாயால் சொல்லிவிட்டு வருகிறார்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பிரதியோடு போங்கள்.