டியூப் ஆம்ப்புக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் முன் பிளக்கை அளந்து பாருங்கள்

கிட்டாருக்கு டியூப் ஆம்ப் (வால்வு ஆம்ப்ளிஃபையர்) கட்டுபவர்கள் பவர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் முன், வீட்டு பிளக்கில் மாலையிலும் நள்ளிரவிலும் மல்டிமீட்டரால் வோல்டேஜ் அளந்து, அதிகபட்சத்துக்கு நெருக்கமான பிரைமரி (வீட்டு கரண்ட் உள்ளே வரும் சுருள்) உள்ளதையே எடுங்கள். குன்னூரில் எங்கள் வீட்டில் எல்லா கீசரும் ஓடும் மாலையில் 220, ஊர் தூங்கிய பிறகு 245. 220 வோல்ட் பிரைமரியில் 245 வந்தால் டியூபைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் லைன் 7-ஐத் தொட்டுவிடும், அது 10 சதவீத வரம்பைத் தாண்டியது, டியூபின் ஆயுளைத் தின்னும். 240 பிரைமரியில் அதே நேரம் 6.4 தான், பி பிளஸ்ஸும் (டியூபுக்குப் போகும் உயர் டிசி வோல்டேஜ்) அதே விகிதத்தில் அடங்கியிருக்கும்.

அப்புறம் ஹீட்டர் கரண்ட்: ஒரு இஎல்84, இரண்டு 12ஏஎக்ஸ்7 டியூப்கள் சேர்ந்து 1.36 ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் ஹீட்டர் சுருள் 2 ஆம்பியர் தந்தால் போதும். ஐந்து வேண்டாம், லோடு குறைந்தால் வோல்டேஜ் ஏறும்.

நல்ல ஸ்டெபிலைசர் இருந்தாலோ, பிரைமரியில் 220, 230, 240 என்று டேப்கள் (மாற்றி இணைக்கும் முனைகள்) இருந்தாலோ இந்த அளவெடுப்பு வாங்கும்போது தேவையில்லை.