ஓட்டலுக்குக் கொடுத்த கடன் வரவில்லையா? வருமான வரி ரிட்டர்னில் செய்ய வேண்டியவை

வளசரவாக்கத்தில் என் மச்சான் பார்ட்னர்ஷிப்பில் நடத்திய பிரியாணிக் கடைக்குக் கடன் கொடுத்திருந்தேன். கடை படுத்துவிட்டது. என்னைப் போன்ற சம்பளக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. அசலை வராக்கடன் என்று சம்பளத்தில் கழிக்க முடியாது. வருமான வரிச் சட்டத்தின் 36(2) பிரிவின்படி அந்தச் சலுகை, முன்பே வருமானமாகக் காட்டிய பாக்கிக்கும், வட்டித் தொழில் செய்பவர் கொடுத்த கடனுக்கும்தான். மூலதன நஷ்டமாகக் காட்டலாம் என்று சில ஆடிட்டர்கள் சொல்வார்கள். நோட்டீஸ் வர வாய்ப்பு உண்டு. அந்த வாதம் நின்றாலும் மூலதன லாபத்தில்தான் கழியும், சம்பளத்தில் கழியாது. நான் அந்த வழிக்குப் போகவில்லை.

2. வருமான வரி போர்ட்டலில் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (உங்கள் வருமானம் பற்றித் துறைக்கு வந்த தகவல்களின் பட்டியல்) இரண்டையும் இறக்குங்கள். பலரும் மாட்டுவது இங்கேதான். 5 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 60,000. கடைக்காரர் அதைச் செலவாக எழுதி 6,000 டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) கட்டியிருப்பார். உங்கள் கைக்கு ஒரு பைசா வந்திருக்காது, ஏஐஎஸ்ஸில் மட்டும் 60,000 நிற்கும்.

வட்டியை வந்தபோது மட்டும் காட்டும் ரொக்க முறையை 145-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் வருஷாவருஷம் அதையே பின்பற்ற வேண்டும். அந்த 6,000 மட்டும் 198-வது பிரிவின்படி வந்த வருமானம். அதைக் காட்டியே ஆக வேண்டும். வராத வட்டிக்கான டிடிஎஸ்ஸை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக ஐடிஆர்-2 ரிட்டர்ன் படிவத்தில் கட்டம் இருக்கிறது. ஏஐஎஸ்ஸில் ‘Information is not fully correct’ (தகவலில் ஒரு பகுதி சரியல்ல) என்று பதிலும் பதிந்துவிடுங்கள்.

இதற்குத் தனி சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம். போர்ட்டலின் ஆன்லைன் படிவமே எனக்குப் பிடித்தது. டிடிஎஸ் விவரம் தானாக நிரம்பிவிடும்.

3. கடன் ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட், வட்டி கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

பின்சேர்க்கை: ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என்று ஒரு வாசகர் கேட்டார். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கக் கடன் 269எஸ்எஸ் பிரிவை மீறல். அபராதம் வாங்கியவருக்குத்தான், ஆனால் உங்களிடம் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும்.

இன்னொன்று: மேலே உள்ள பிரிவு எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025 வருமான வரிச் சட்டம் நடைமுறை, பிரிவு எண்கள் மாறிவிட்டன.

புரோநோட்டு வைத்திருப்பவர்கள் தேதியைப் பாருங்கள். வழக்குப் போடுவதற்கான மூன்று வருஷக் கெடு முடியுமுன், கடன் வாங்கியவரிடம் ‘பாக்கி இருக்கிறது’ என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைக்கும். முடிந்தபின் வாங்கினால் அந்த நீட்டிப்பு கிடைக்காது.