ஆறு பேருக்கு மொறுமொறு உருளைக்கிழங்கு, ஏர் ஃப்ரையரில்

ஏர் ஃப்ரையரில் போட்ட உருளைக்கிழங்கு மொறுமொறுப்பாக வரவில்லையென்றால் பெரும்பாலும் குற்றம் மெஷினுடையது அல்ல, கிழங்கில் நின்ற தண்ணீருடையது. பெயரில்தான் ஃப்ரையர், உள்ளே இருப்பது ஒரு ஹீட்டர் காயிலும் ஒரு ஃபேனும். சுழலும் சூடான காற்று கிழங்கின் மேற்புறத்தைக் காயவைத்துச் சிவக்க வைக்கிறது. ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாதவரை கிழங்கு அவியுமே தவிர சிவக்காது.

ஆறு பேருக்கு 1¼ கிலோ கிழங்கு வேண்டும். முதலில் எந்தக் கிழங்கு என்று பாருங்கள். வடக்கே பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும் கிழங்கைக் குளிர்கிடங்கில் வைத்து மாதக்கணக்கில் அனுப்புகிறார்கள். நீண்ட நாள் குளிரில் இருந்தால் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். அந்தக் கிழங்கு உள்ளே வேகும் முன்பே வெளியே கருத்துவிடும், லேசாகக் கசக்கவும் செய்யும். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இதே கதைதான். வாங்கியதைக் காற்றோட்டமான கூடையில், வெங்காயத்தோடு சேர்க்காமல் வையுங்கள். தோல் மெல்லிசாக உரிந்துவரும் புதுக் கிழங்கில் தண்ணீர் அதிகம். அதைப் பொரியலுக்கு விட்டுவிடலாம். பச்சை ஏறிய பகுதியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள்.

தோல் சீவி ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். அதைவிடச் சின்னதாக இருந்தால் உள்ளே மாவாக இருக்க வேண்டியதும் காய்ந்துபோகும். எல்லாம் ஒரே அளவாக இருப்பது முக்கியம், வடிவம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு முறை தண்ணீரில் அலசுங்கள். மேலே ஒட்டிய மாவோடு கொஞ்சம் சர்க்கரையும் போய்விடும்.

பெரிய பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர், ஒன்றரை டேபிள்ஸ்பூன் கல்லுப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் சமையல் சோடா. தளதளவென்று கொதிக்கும்போது கிழங்கைப் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து 6 நிமிடம். கத்தி முனை ஓரத்தில் சுலபமாக இறங்கி, நடுவில் கொஞ்சம் தடுக்க வேண்டும். குக்கரில் விசில் விட்டு எடுக்கும் வேலை இங்கே ஆகாது. ஒரு விசில் அதிகமானால் மசியல்தான். சோடா எதற்கென்றால், கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் காரத்தன்மையுள்ள நீரில் சீக்கிரம் கரையும். மேற்புறம் மட்டும் குழைந்து சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்புதான் பிறகு மொறுமொறுப்பாகிறது. அளவு கூடினால் சோப்பு வாடை அடிக்கும்.

தண்ணீரை முழுக்க வடித்து, அதே சூடான பாத்திரத்தில் கிழங்கைத் திருப்பிப் போட்டு, சிறு தீயில் ஒரு நிமிடம் வையுங்கள். ஆவி குறைந்ததும் மூடிபோட்டு நாலைந்து முறை குலுக்குங்கள். ஓரமெல்லாம் மாவு பூசினாற்போல் ஆகும். பிறகு அகலத் தட்டில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே 15 நிமிடம். ராயபுரம், காசிமேடு பக்கம் கடற்காற்றில் துவைத்த துணியே சீக்கிரம் காய மறுக்கும். அங்கே 20 நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் விரலில் ஈரம் படக்கூடாது. அவசரத்தில் பலரும் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான்.

இனி இரண்டரை டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய் ஊற்றிப் பிரட்டி, ஒன்றரை டேபிள்ஸ்பூன் அரிசி மாவைத் தூவி மறுபடி பிரட்டுங்கள். எண்ணெயே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எண்ணெய் இல்லாமல் கிழங்கு காயும், மொறுமொறுக்காது. மிளகாய்த்தூளை இப்போது போடாதீர்கள். 200 டிகிரியில் கிழங்கு சிவப்பதற்கு முன் அது கருகும். பூண்டு விழுதுக்கும் அதே விதி.

மெஷினை 200 டிகிரியில் 4 நிமிடம் காலியாக ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். 4 லிட்டர் கூடையில் ஒரு தடவைக்கு 400 கிராம் போதும். கூடையை ரொப்பினால் காற்று புக வழியில்லாமல் கிழங்கு தன் ஆவியிலேயே அவியும். ஆக மூன்று ஈடு. ஒவ்வொன்றும் 14 நிமிடம், 8-வது நிமிடத்தில் ஒருமுறை குலுக்கல். வெளிர் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள். முழுக்கச் சிவக்க வைத்தால் மூன்றாம் ஈடு வருவதற்குள் முதல் ஈடு நமத்துவிடும். எடுத்ததை மூடாமல் தட்டில் பரப்பி வையுங்கள். மூன்றும் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூடையில் கொட்டி, 200 டிகிரியில் 5 நிமிடம், நடுவில் இரண்டு முறை குலுக்கி எடுங்கள். இந்த ஒரு தடவை கூடை நிறைந்திருந்தால் பாதகமில்லை, ஈரம் ஏற்கெனவே போயிருக்கிறது. ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் சூடாகப் பரிமாற இதுதான் வழி.

கடைசி 2 நிமிடத்துக்கு முன் ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், அரை டீஸ்பூன் சோம்புத்தூள், கால் டீஸ்பூன் மிளகுத்தூள் தூவிக் கலந்து விடுங்கள். உப்பு இறக்கிய பிறகு, ருசி பார்த்து. கறிவேப்பிலையைக் கூடையில் போட்டால் ஃபேன் காற்றில் பறந்து காயிலில் ஒட்டி எரியும்; ஒரு ஸ்பூன் எண்ணெயில் தனியாகப் பொரித்து மேலே போடுங்கள். பரிமாறும்வரை ஹாட் பாக்ஸில் மூடி வைக்காதீர்கள். பத்தே நிமிடத்தில் இவ்வளவு பாடும் வீண்.

சொன்ன நேரத்தில் சிவக்கவில்லையா? வோல்டேஜைக் கவனியுங்கள். 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் ஹீட்டர், 200 வோல்ட்டில் ஏறக்குறைய 1130 வாட்தான் தரும். தெரு முழுக்க ஏசி ஓடும் கோடை இரவில் 3, 4 நிமிடம் கூடுதலாக வையுங்கள். 1500 வாட் என்றால் சுமார் 6.5 ஆம்பியர், 6 ஆம்பியர் சின்ன பிளக்கிலோ, டிவிக்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டாதீர்கள். ஃப்ரிட்ஜ், கிரைண்டருக்குப் போடும் 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை மாதிரியான இடங்களில் சமையலறையில் அந்தப் பாயின்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்; கிரைண்டர் வேலையை முதலில் முடித்துவிடுங்கள். பின்பக்கம் சூடான காற்று வெளியேறும், சுவரிலிருந்து அரையடி தள்ளி வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மீனும் அதே கூடையில்தான் என்றால், கிழங்கை முதலில் முடியுங்கள். மீனுக்குப் பின் கிழங்கு போட்டால் அந்த வாடையை அப்படியே வாங்கிக்கொள்ளும். கழுவும்போது சூடு ஆறியதும் வெந்நீரும் எலுமிச்சைத் தோலும் போட்டு 10 நிமிடம் ஊறவிட்டு, பஞ்சால் தேயுங்கள். கம்பி நார் பட்டால் கோட்டிங் உரியும்.