வெள்ளம் வடிந்த வீட்டுக்கு நம்பகமான காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நேர்ந்ததுபோல் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து வடிந்த பின், உடனே செய்ய வேண்டியவை மின் இணைப்பைச் சோதிப்பதும், சம்ப் எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை இறைத்துக் கழுவுவதும், கழிவுநீர்ப் பாதையைச் சரிசெய்வதும்தான். மின் வேலைக்கு அரசு உரிமம் பெற்றவரையே அழைக்க வேண்டும். இதில் தெரிந்தவர், மலிவானவர் என்ற சலுகை வேண்டாம்.

பூச்சும் பெயின்ட்டும் காத்திருக்கலாம், காத்திருக்கவே வேண்டும். நீரில் ஊறிய செங்கல் சுவர் காய வாரக்கணக்கில் ஆகும் என்பதால், ஈரத்தின்மேல் பட்டி பார்த்து அடிக்கும் பெயின்ட் உப்புப் பூத்து உரிந்துவிடும். ஆகவே, அட்வான்ஸ் கொடுத்தால் நாளைக்கே தொடங்கிவிடலாம் என்று வாசலில் வந்து நிற்பவரைவிட, சுவர் காயட்டும் என்று சொல்லித் திரும்பிப் போகும் மேஸ்திரியே நம்பத்தக்கவர். அந்த இடைவெளியில், முந்தைய மழைக்குப் பின் அவர் பழுதுபார்த்த வீடு ஒன்றின் முகவரியைக் கேட்டு வாங்கி, நேரில் சென்று, தரையை ஒட்டிய இரண்டு மூன்று அடிச் சுவரைத் தடவிப் பார்த்து வரலாம். காப்பீடு இருந்தால், சர்வேயர் பார்வையிடும் முன் எதையும் கொத்த அனுமதிக்கக் கூடாது.

கொட்டேஷனைத் தாளில் எழுதி வாங்க வேண்டும். லேபர் மட்டுமா, மெட்டீரியலும் சேர்த்தா, எத்தனை அடி உயரம் வரை பழைய பூச்சைக் கொத்துவது, சதுர அடிக்கு என்ன கூலி என்பவற்றோடு, பலரும் மறந்துவிட்டுப் பின்னர் சண்டையிடும் ஒன்றையும், அதாவது கொத்திய குப்பையை அகற்றும் செலவு யாருடையது என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். சிறிய மேஸ்திரிகளிடம் ஜிஎஸ்டி எண் இல்லாதது குற்றமல்ல; ஆனால் ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்பவர் தரும் எண், எழுத்தும் இலக்கமுமாக 15 இடங்கள் கொண்டதா, தமிழ்நாட்டுப் பதிவானால் 33 என்று தொடங்குகிறதா என்று பார்த்து, ஜிஎஸ்டி இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும்.

சிமென்ட்டையும் மணலையும் நாமே பில்லோடு வாங்கிக் கொடுத்தால் பெரிய அட்வான்ஸுக்குத் தேவையே இராது. மீதிக் கூலியை வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகக் கொடுக்கலாம். அடுத்த மழைவரை ஒரு தொகையை நிறுத்திவைக்க அநேகமாக யாரும் சம்மதிக்க மாட்டார்கள்; கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

வேலை கெட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் தொடரலாம். அங்கே கைகொடுப்பவை அந்தக் கொட்டேஷனும் பணம் கொடுத்த பதிவும்தான் என்பதால், எந்தத் தொகையையும் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே செலுத்த வேண்டும்.