இருபது இலக்க எண்ணைப் பென்சிலாலேயே பிரிக்கலாம்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை தெரியும்தானே? 64 கட்டமும் நிறைந்தால் மொத்தம் 18446744073709551615 மணிகள். இந்த எண்ணின் பகாக் காரணிகள் அத்தனையையும் இப்போது கண்டுபிடிப்போம். சாதாரண கால்குலேட்டர் வேண்டாம். இவ்வளவு பெரிய எண்ணில் அது கடைசி இலக்கங்களை விட்டுவிடும்.

படி 1: மேலோட்டமாகப் பாருங்கள்

கடைசி இலக்கம் 5, அதனால் 5 ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87. அது 3 ஆல் வகுபடும், 9 ஆல் வகுபடாது. ஆகவே காரணிகளில் 3 ஒரே ஒரு முறைதான் வரும். இதே போல 7, 11, 13 என்று போனால் பொழுது விடிந்துவிடும்.

படி 2: எண் உருவான விதத்தைப் பிடியுங்கள்

1 + 2 + 4 = 7. அடுத்த கட்டத்தின் 8-ஐ விட ஒன்று குறைவு. எத்தனை கட்டம் போனாலும் இப்படித்தான். எனவே நம் எண் 2⁶⁴ − 1. பள்ளியில் படித்த அ² − 1 = (அ + 1)(அ − 1) இங்கே கைகொடுக்கும்:

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1)

இரண்டாவது அடைப்பும் அதே வடிவம்தான். அதையும் பிரித்துக்கொண்டே போனால்:

4294967297 × 65537 × 257 × 17 × 5 × 3

படி 3: முதலில் நிற்பதைச் சோதியுங்கள்

மற்ற ஐந்தும் பகா எண்கள். முதலாவதும் அப்படித்தான் இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64 ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்ற விதியும் அவருடையதே. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். முதல் நான்கும் வகுக்காது. 641-ஐப் பொறுமையாகப் பார்ப்போம்.

2¹⁶ = 65536. இதை 641 ஆல் வகுத்தால் மீதி 154. 2³² வேண்டுமென்றால் மீதியை மட்டும் வர்க்கப்படுத்தினால் போதும்: 154 × 154 = 23716. இதோடு ஒன்றைக் கூட்டுங்கள். 23717 = 641 × 37. மீதியே இல்லை! பத்து இலக்க எண்ணைத் தொடாமலேயே 2³² + 1 என்பது 641 ஆல் வகுபடும் என்று காட்டிவிட்டோம். இந்த இடத்தை ஒருமுறை சொந்தக் கையால் போட்டுப் பாருங்கள், அவ்வளவு அழகு.

வகுத்தால் கிடைப்பது 6700417. இதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். ஆய்லர் விதிப்படி அதுவரை 40 எண்கள்தான் தேறும், அவற்றிலும் பல பகு எண்கள். எதுவும் வகுக்காது, ஆகவே இதுவும் பகா எண். சரி, விடை:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழும் வெவ்வேறு என்பதால் மொத்த வகுத்திகள் 2⁷ = 128.

அரைப் பலகையின் 32 கட்டங்களுக்கும் இதைச் செய்து பாருங்கள். 4294967295 வரும், காரணிகள் 3, 5, 17, 257, 65537 மட்டும். இந்தக் காரணிகள் வடிவியலிலும் தலைகாட்டும்: 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையலாம் என்று 1796-இல் கணிதவியலாளர் காஸ் கண்டுபிடித்தார். அவர் வழியில் 4294967295 பக்கத்துக்கும் வரைய முடியும். அப்படி வரையலாம் என்று இதுவரை தெரிந்த ஒற்றைப்படை எண்களில் மிகப் பெரியது இதுதான்.