தானியேல் 11: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

பைபிளின் தானியேல் புத்தகத்தையும் அதைப்போன்ற யூத, கிறிஸ்தவ வெளிப்பாட்டு நூல்களையும் கையில் எடுக்கும் புதியவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கால அட்டவணை வரைந்துவிடுகிறார்கள். ஒரு முனையில் பாபிலோன், மறுமுனையில் இன்றைய செய்தித்தாள்.

நடந்ததை நடக்கப்போவதாகப் படிப்பது

‘வருவான்’, ‘எழும்புவான்’ என்று எதிர்கால வினை இருப்பதால் எல்லாமே இனி வரப்போவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பண்டைய யூத வெளிப்பாட்டு நூல்களின் வழக்கு வேறு. பழங்காலப் பெரியவர் ஒருவரின் பெயரில் எழுதுவார்கள். நடந்து முடிந்ததை அவர் வாயில் முன்னறிவிப்பாக வைப்பார்கள். கடைசியில் மட்டும் தங்கள் காலத்தைத் தாண்டி ஓரடி எடுத்துவைப்பார்கள்.

தானியேல் 11இல் இதைச் சோதிப்பது எளிது. தாளின் இடப்பக்கம் வசன எண்கள், வலப்பக்கம் எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களும் சிரியாவை ஆண்ட செலூக்கிய அரசர்களும். வசனம் 11, இவ்விரு அரசுகளும் மோதிய கி.மு. 217 ராபியா போர். 17இல் செலூக்கிய அரசன் மூன்றாம் அந்தியோக்கு தன் மகள் கிளியோபாத்ராவை ஐந்தாம் தாலமிக்குக் கட்டிக்கொடுக்கிறான். 30இல் வரும் கித்தீமின் கப்பல்கள், கி.மு. 168இல் நான்காம் அந்தியோக்கை எகிப்திலிருந்து திருப்பி அனுப்பிய ரோமத் தூதுக்குழு. 31, கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தில் நிறுத்தப்பட்ட ‘பாழாக்கும் அருவருப்பு’, அதாவது அந்நிய தெய்வ வழிபாட்டுச் சின்னம்.

40ஆம் வசனத்தில் இந்தப் பொருத்தம் அறுகிறது. அதில் சொல்லும் எகிப்துப் படையெடுப்பு நடக்கவே இல்லை. 45, பரிசுத்த மலையருகே கூடாரம் போட்டபின் அந்த அரசன் முடிவடைவான் என்கிறது. நான்காம் அந்தியோக்கு செத்ததோ கி.மு. 164இல், பாரசீகத்தில். பொருத்தம் அறும் அந்த இடத்தில்தான் எழுதியவர் உட்கார்ந்திருக்கிறார், 167க்கும் 164க்கும் நடுவில். இதைத் தவறவிட்டால், செலூக்கிய அரசனை இந்த அதிகாரம் அழைக்கும் ‘வடதிசை ராஜா’வுக்கு ஒவ்வொரு போரின்போதும் புதுப் பெயர் தேட வேண்டிவரும். தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இது நேற்று முளைத்த வாதமும் இல்லை. கி.பி. 3ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை எதிர்த்த தத்துவவாதி போர்ஃபிரி சொன்னார். அவருடைய நூலை அழித்துவிட்டார்கள். அவரை மறுத்துத் திருச்சபை அறிஞர் ஜெரோம் எழுதிய உரையால்தான் வாதம் பிழைத்துக் கிடக்கிறது.

ஒரு நாளை ஓர் ஆண்டாக்குவது

தானியேல் 8:14இன் 2300 நாளை ஆண்டுகளாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணினார் அமெரிக்காவின் வில்லியம் மில்லர். அவர் இயக்கத்தார் கிறிஸ்துவின் வருகைக்கு 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். சிலர் வயலை அறுக்காமலே காத்திருந்தார்கள். 23ஆம் தேதியும் விடிந்தது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘இராப்பகல்’ என்பது எபிரேயத்தில் ‘மாலை காலை’. மாலைப் பலியையும் காலைப் பலியையும் தனித்தனியே எண்ணினால் 1150 நாள். ஆலயம் தீட்டுப்பட்டுக் கிடந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு இதுதான் கிட்டே வருகிறது.

666

இது பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் மிருகத்தின் எண். எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. ரோமப் பேரரசன் நீரோவை ‘நேரோன் கேசர்’ என்று எபிரேயத்தில் எழுதிக் கூட்டுங்கள்: 50+200+6+50, 100+60+200. நேரோனின் கடைசி ‘ன்’ விழுந்தால் 616. சில பழைய கையெழுத்துப் படிகளில் அந்த எண்ணே இருக்கிறது. பார்கோடில் 666ஐத் தேடுவதை விட்டுவிடுங்கள்.

அந்திக்கிறிஸ்து

வெளிப்படுத்தின விசேஷத்தில் இந்தச் சொல்லே இல்லை. 1, 2 யோவானில் மட்டும்தான்.

ஏனோக்கை ஒரே நூலாக எண்ணுவது

ஏனோக்கின் பெயரில் உள்ள அந்தப் பண்டைய யூத நூல் ஐந்து நூல்களின் தொகுப்பு. ‘மனுஷகுமாரன்’ வரும் 37–71 அதிகாரங்களின் ஒரு துண்டுகூட, சாக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரானில் கிடைக்கவில்லை. மற்றப் பகுதிகளின் வயதை அதற்கும் சேர்த்துப் போடாதீர்கள்.